தையல் டீச்சர் காருக்குக் கரண்டு ஏற்றிய வேலை

1. கயிறு கட்டி வந்த வண்டி

கரண்டு கார், பேட்டரி கார் என்று இப்போது துள்ளிக்கொண்டிருக்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வீடியோவில் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். இன்ஜினைத் தூக்கு, மோட்டாரை வை, வயரைக் கொடு, ஓட்டு. சொல்கிறவனுக்கு வாய் வலிக்காது. செய்கிறவனுக்குத்தான் இடுப்பு ஒடியும்.

என் பெயர் காதர். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்துத் தலை நரைத்தவன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், வயரிங், இவைதான் என் வேலை. இன்ஜின் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். ஒரு சித்திரை வெயிலில் கடை வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் கயிறு கட்டி ஒரு பழைய எண்ணூறு சிசி கார். உள்ளே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வசந்தா டீச்சர்.

பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ரிடையரானவர். நெசவுக் குடும்பம், தம்பி இன்றைக்கும் வீட்டில் தறி போடுகிறார். வீட்டுக்காரர் இறந்த பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி டிரைவிங் கற்றுக்கொண்டு, இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அன்றிலிருந்து அதன் வயரிங் வேலை எல்லாம் என்னிடம்தான். முழங்கால் தேய்ந்துபோனதால் அவரால் பஸ் படி ஏற முடியாது. ஐயம்பேட்டையில் பெண்களுக்கு பிளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுக்கப் போவதும், மனசு சரியில்லாத நாளில் திருமுக்கூடலுக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவதும் இந்தக் காரில்தான்.

“இன்ஜின் உள்ளுக்குள்ளயே இறுகி சீஸ் ஆயிடுச்சாம் பாய். மெக்கானிக் கைய விரிச்சிட்டாரு,” என்றார் இறங்கியதும்.

“அவரே கைய விரிச்சிட்டா என்கிட்ட வந்து என்ன டீச்சர் பிரயோஜனம்? நான் பல்பு மாத்துறவன்.”

“கரண்டுல ஓட்டலாமாமே. நீங்க கரண்டு ஆளுதானே?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“கவிதா கோயம்புத்தூருக்கு வந்துடுன்னு ஒரே பிடிவாதமா இருக்குது. தீபாவளிக்குள்ள வண்டி ரோட்டுல ஓடலன்னா வந்துடுறேன்னு வாக்கு குடுத்துட்டேன். வண்டி இருந்தா எனக்கு இந்த ஊர் இருக்குது பாய். வண்டி இல்லன்னா அங்க ஒரு ரூமும் ஒரு டிவியும்தான்.”

கவிதா அவருடைய ஒரே மகள். தங்கமான பெண், குறை சொல்ல முடியாது. அம்மா தனியாக இருக்கிறாளே என்று பயப்படுகிற பெண்ணை யார் குறை சொல்வது?

முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நானோ, “பாக்கலாம் டீச்சர்,” என்றேன். எங்கள் தொழிலில் பாக்கலாம் என்றால் பாதி சரி என்று அர்த்தம். ஏன் சொன்னேன்? அவர் கோயம்புத்தூருக்குப் போய்விடக் கூடாது என்று ஓர் ஆசை. அது வரைக்கும் அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது.

2. இருக்கிறதை வைத்து

முதலில் சட்டம். தம்பிகளா, இதைக் காதில் வாங்குங்கள். பெட்ரோல் வண்டியை நம் இஷ்டத்துக்குக் கரண்டு வண்டியாக்கி ரோட்டில் விட முடியாது. அங்கீகாரம் வாங்கிய கிட் வேண்டும். அந்தக் கிட் கம்பெனி ஆள் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருப்பதை மாற்றிக் கொடுப்பார்கள். இதை விட்டுவிட்டுக் குறுக்குவழி பார்க்கிறவன் தனக்கும் ஆபத்து, எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து.

புதுக் கிட் விலையைக் கேட்டதும் டீச்சர் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம் பாய். நான் பென்ஷன்காரி.”

நானும் விடவில்லை. சென்னையில் தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் என்று விசாரித்து, ஒரு சின்ன கிட் கம்பெனியில் பிரவீண் என்கிற இன்ஜினியரைப் பிடித்தேன். கண்காட்சிக்கு வைத்திருந்த ஒரு செட் அவர்களிடம் தூசி படிந்து கிடந்தது. மோட்டார், அதற்கு எவ்வளவு கரண்டு விடுவது என்று பார்த்துக்கொள்கிற கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் இருந்தது. மாடல் பழசு என்பதால் வாங்க ஆளில்லை.

“குறைச்சுக் குடுக்க சொல்றேன் பாய். ஃபிட்டிங் நீங்களே பண்ணிக்கினா கூலியும் மிச்சம். ஆனா ஒண்ணு, நான் வந்து ஓட்டிப் பாப்பேன். எனக்கு திருப்தின்னாதான் சைன். நடுவுல சிபாரிசு எல்லாம் வேணாம்,” என்றார் பிரவீண். சின்ன வயசு, கறாரான ஆள். எனக்குப் பிடித்திருந்தது.

இன்ஜினைச் செயின் பிளாக் போட்டு இறக்கினோம். இன்ஜின், சைலன்சர், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. அதில் வந்த பணத்தை வைத்து லேத் வேலையை முடித்துக்கொண்டோம். பேட்டரிப் பெட்டிக்கு, மூடிப்போன மளிகைக் கடை ஒன்றின் ரேக் ஆங்கிளை அறுத்து வெல்டு வைத்தேன். பாதி பேட்டரி முன்னால், மீதி பின்னால் டேங்க் இருந்த இடத்தில். எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்தால் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும்.

கிளட்ச்சில்தான் எனக்கும் டீச்சருக்கும் சண்டை. மோட்டாருக்குக் கிளட்ச் தேவையில்லை. கியர் பாக்ஸோடு நேராகச் சேர்த்துவிடலாம், செலவும் குறைவு. பிரவீணும் அதையேதான் சொன்னார். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

“என் கால் அதுக்குப் பழகிடுச்சு பாய். அது அங்க இல்லன்னா நான் தேடுவேன்.”

“உங்க முட்டிக்கு நல்லதுதானே டீச்சர் சொல்றோம்?”

“என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீங்க கிளட்ச்ச பாருங்க.”

தையல் டீச்சரிடம் வாதாடி ஜெயித்தவன் யார்? இன்ஜினிலிருந்து கழற்றி வைத்திருந்த ஃப்ளைவீலை, அதாவது கிளட்ச் உட்காருகிற சக்கரத்தை, லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லேத் ஏழுமலை அதையும் மோட்டார் ஷாஃப்டையும் ஒரே சென்டரில் சேர்க்க ஒரு பிளேட் போட்டுக் கொடுத்தார். முதல் பிளேட் மயிரிழை விலகியிருந்தது. மாட்டி ஓட்டினால் கியர் பாக்ஸ் ஊளையிட்டது. அரே ஏழுமலை, இது காரா நாயா என்று கத்திவிட்டு வந்தேன். இரண்டாவது பிளேட் பூ மாதிரி உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

3. நாலு மணி

டீச்சர் தினமும் நாலு மணிக்கு வந்துவிடுவார். கார் இல்லை அல்லவா, அவருடைய தம்பி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். கையில் ஒரு பிளாஸ்க், ஒரு துணிப் பை.

வேலை வேகமாக நடக்கிறதா என்று கண்காணிக்க வருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எரிச்சலாகக்கூட இருந்தது. எங்கள் வேலையில் வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றால் ஸ்க்ரூ டிரைவர் கூட வழுக்கும். இரண்டாவது வாரம் அவர், “சும்மா உக்காந்துக்கினு இருக்க முடியல பாய், ஏதாவது வேலை குடுங்க,” என்றார். வயர் கட்டுகிற வேலையைக் கொடுத்தேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம். எதைக் கட்டினாலும் பட்டுக் கழிவு நூலில்தான் கட்டுவோம். தறியில் அறுந்தது, மிஞ்சியது என்று வீட்டுக்கு வீடு கிடக்கும். கத்தரிக்காய் மூட்டையிலிருந்து கேஸ் ட்யூப் வரைக்கும் அதுதான். என் கடையிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் டை பானெட் சூட்டில் நொறுங்கிவிடும். பட்டு நழுவாது, வயரின் தோலை அறுக்காது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் காலத்திலிருந்து காதர் கடை வயரிங் என்றால் பட்டுக் கட்டுதான்.

டீச்சர் கட்டினால் அது வேறு மாதிரி இருந்தது. முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. ஒரு பிசிறு கிடையாது. வயர் வளைகிற இடத்தில் நூலும் பதமாக வளைந்து போகும். இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் மாட்டுக்குக் கயிறு கட்டின வேலை என்று தோன்றிவிட்டது.

கட்டிக்கொண்டே பேசுவார். ஸ்கூலில் ஊசியைத் தொலைத்துவிட்டு அழுத பெண்கள், திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேர்ந்து வருகிற அன்றைக்கு மணலைப் பார்க்க முடியாது என்கிற கதை, கவிதா சின்ன வயதில் பண்ணின சேட்டை. நான் என் பீவியைப் பற்றி, என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வேன். அவள் இறந்து எட்டு வருஷம். அவளைப் பற்றி நான் வேறு யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. டீச்சர் நூலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். பிளாஸ்க் மூடியில் எனக்கு டீ ஊற்றி நகர்த்துவார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த நாலு மணி வேண்டியிருந்தது. காலையில் கடை திறந்தால் மத்தியானம் எப்போது போகும் என்று இருக்கும். அவர் உட்கார்கிற ஸ்டூலை மூன்று மணிக்கே துடைத்து வைத்துவிடுவேன். வேலை முடிய முடிய சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. வண்டி ஓடாவிட்டால் அவர் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார். வண்டி ஓடிவிட்டால் கடைக்கு வர வேலை இருக்காது. எப்படிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம்தான். வேலையை இழுத்தடிக்கலாம் என்று ஷைத்தான் ஓதாமல் இல்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை ஊரிலேயே நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி வண்டியை முடிப்பதுதான். முடித்தேன்.

கடைசியாக டேஷ்போர்டுக்கு அடியில் ஆக்சிலரேட்டர் வயர். பெடலை மிதித்தால் கேபிள் இழுத்து ஒரு சின்னப் பெட்டியைத் திருப்பும். அந்தப் பெட்டியிலிருந்து மூன்று வயர் கன்ட்ரோலருக்குப் போகும். எவ்வளவு மிதித்தோம் என்று மோட்டாருக்குச் சொல்வது அதுதான். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கடைசி முடிச்சுப் போட, டீச்சர் பையிலிருந்து ஜரிகை நூலை எடுத்தார். தம்பி தறியில் மிஞ்சியது.

“இன்னாது டீச்சர், வண்டிக்கு ஜரிகையா?”

“சேலைய நெய்ஞ்சு முடிச்சா முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வேணாமா பாய்?”

கட்டி, நுனியில் சின்னக் குஞ்சமும் விட்டார். இருட்டான அந்த மூலையில் அது மினுமினுத்தது. மாஷா அல்லா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

4. மணல் குவியல்

கடைக்குப் பின்னால் நீளமான ஒரு சந்து. அதில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை. சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தபோது டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “என்னா பாய் இது, திருடன் மாதிரி போவுது!”

பிரவீண் வந்தார். வயரிங்கைப் பார்த்துவிட்டு, “இத யார் கட்டினது? போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்கூல் பசங்கள் பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

டீச்சர் ஓட்ட, பிரவீண் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சந்து முனையில் நின்றேன். இரண்டு முறை போய் வந்தார்கள். மூன்றாவது முறை, சந்துக் கோடியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு முன்னால் திருப்புவதற்காக வண்டி மெதுவானது. மெதுவான வண்டி திடீரென்று பாய்ந்தது.

யா அல்லா என்று கத்திக்கொண்டு ஓடினேன். நேர் எதிரே புதுச் சுவர். ஆனால் அடுத்த நொடி மோட்டார் மட்டும் வீல் என்று அலறியது, வண்டியின் பாய்ச்சல் அடங்கிவிட்டது. உருண்டு போய்ச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த மணல் குவியலில் முட்டி நின்றது. பிரவீண் அவசரத்துக்கு வைத்திருந்த சிவப்பு சுவிட்சை அடித்துக் கரண்டை நிறுத்தினார்.

டீச்சரின் இடது கால் கிளட்ச்சை அடிவரைக்கும் மிதித்தபடி இருந்தது. அந்த மிதிதான் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட்டிருந்தது. எடுக்கச் சொன்னாலும் எடுக்க முடியவில்லை. நான்தான் கதவைத் திறந்து, “விட்டுடுங்க டீச்சர், வண்டி நின்னுடுச்சு,” என்று இரண்டு மூன்று முறை சொன்னேன்.

“நான் ஆக்சிலரேட்டர்ல கால் வெக்கவே இல்ல பாய்.”

“தெரியும் டீச்சர்.”

“சத்தியமா வெக்கல.”

“எனக்குத் தெரியும்.”

பிரவீண் இறங்கி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “கிளட்ச்ச எடுக்க சொன்னது நான்தான். எடுத்திருந்தா இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சிருக்கும்,” என்றார். அதற்காகச் சான்று கொடுத்துவிடுவாரா? கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நானே வாங்கியிருக்க மாட்டேன். கோளாறு எது என்று தெரிகிற வரைக்கும் வண்டியை நகர்த்தக் கூடாது, கன்ட்ரோலராக இருந்தால் புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கன்ட்ரோலர் வாங்கும் நிலையில் டீச்சர் இல்லை.

மறுநாளே கவிதா வந்துவிட்டாள். கடையில் வந்து என் எதிரே நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அங்கிள், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யார்கிட்ட போய் கேப்பேன் சொல்லுங்க? போதும் அங்கிள். வண்டிய எடுத்துக்க ஆள் பாத்துட்டேன். தீபாவளி முடிஞ்சதும் அம்மாவ கூட்டிக்கினு போறேன்.”

என் மகளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். “சரிம்மா,” என்றேன். அவள் போன பிறகு, துடைத்து வைத்திருந்த ஸ்டூலைத் தூக்கி உள்ளே போட்டேன்.

5. பீப்

கோளாறு வந்துவிட்டுப் போய்விடுவதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. எரியாத பல்பைக் கண்டுபிடித்துவிடலாம். எப்போதோ ஒரு தடவை எரியாத பல்பு ஆளைப் பைத்தியமாக்கிவிடும். பெடலைக் கழற்றினேன், கேபிளைக் கழற்றினேன், கன்ட்ரோலரைத் தட்டிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஓட்டினேன். பச்சைப் பிள்ளை மாதிரி சாதுவாக ஓடியது. “முந்தாநேத்து ஆடின ஆட்டம் எங்கடா?” என்று வண்டியைத் திட்டினேன்.

நாலு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டீச்சர் வந்தார். பிளாஸ்க் இல்லை, பை இல்லை.

“விட்டுடுங்க பாய். நீங்க சாப்பிடக்கூட போகலன்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க. வித்துடலாம்.”

“கன்ட்ரோலர் இல்ல டீச்சர் கோளாறு. எங்கயோ வயர்லதான். என் கையால போட்ட வயர், எனக்குத் தெரியாதா?”

“நான் கட்டினது சரியில்லையோ?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஆக்சிலரேட்டர் பெட்டியின் இரண்டு டெர்மினலில் கிளிப் போட்டு வைத்திருந்தேன். ஒன்று கரண்டு வருகிற முனை, இன்னொன்று மோட்டாருக்கு எவ்வளவு என்று சொல்கிற முனை. இரண்டும் ஒட்டிக்கொண்டால் மோட்டார் முழு மிதி என்று நினைத்துக்கொள்ளும். ஒட்டினால் மீட்டர் பீப் அடிக்கும். காலையிலிருந்து வயரை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறேன், அடிக்கவில்லை. அந்த டெர்மினலுக்கு மேல் ஸ்லீவ் போட்டு மூடுவது கடைசி வேலை, சான்று வாங்கின பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

டீச்சர் டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். விற்கப்போகிற வண்டி அல்லவா, ஸ்டீயரிங்கைத் தடவினார், கியர் குமிழைத் தடவினார். குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, கலைந்திருந்த ஜரிகைக் குஞ்சத்தை நீவிவிட்டார்.

மீட்டர் பீப் என்றது.

நான் மீட்டரைக் கையில் எடுத்தேன்.

“டீச்சர், இப்போ இன்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல பாய். குஞ்சத்த நீவினேன்.”

“இன்னொரு தபா நீவுங்க.”

பீப்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். குஞ்சத்தின் ஒரு இழை இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் பாலம் போட்டுப் படுத்திருந்தது. ஜரிகை என்றால் என்ன? பட்டு நூல் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். நான் செம்புக் கம்பியில் புரண்டு வளர்ந்தவன், டீச்சர் ஜரிகையில் புரண்டு வளர்ந்தவர். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டேதான் கட்டினோம். ஒருத்தருக்காவது அது கம்பி என்று தோன்றவில்லை. காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஜரிகை நூல்தான், கடைசி வரைக்கும் நூல்தான். வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் அதை அங்கே கட்ட விட்டிருக்கவே மாட்டான்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

6. டெலிவரி

ஜரிகையை அவிழ்த்து, டெர்மினலுக்கு ஸ்லீவ் போட்டு, சாதாப் பட்டில் கட்டினோம். பிரவீண் வந்தார், விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பெடல் சிக்னல் எல்லை மீறினால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி கன்ட்ரோலரில் ஒரு செட்டிங்கும் போட்டார். அன்று முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. கவிதாவும் உட்கார்ந்து வந்தாள். ஐயம்பேட்டை போய்த் திரும்பி வருகிற வரைக்கும் அவள் கதவுப் பிடியை விடவில்லையாம். இறங்கி என்னிடம் வந்து, “பாத்துக்கங்க அங்கிள்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

தீபாவளிக்கு முன்னால் ஆர்.சி.யும் மாறி வந்தது. டெலிவரி அன்றைக்கு டீச்சருக்கு எல்லாம் சொன்னேன். எப்போது சார்ஜ் போடுவது, மழைத் தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரைக்கும் இறக்கலாம், எந்த விளக்கு எரிந்தால் எனக்குப் போன் பண்ணுவது. சொல்லிக்கொண்டே போனேன், நிறுத்த மனசு வரவில்லை. அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தம்பிகளா, பெட்ரோல் வண்டி என்றால் மாதம் ஒரு தொந்தரவு. பிளக், பெல்ட், ஆயில், சூடு. கரண்டு வண்டியில் அதெல்லாம் கிடையாது. ஒழுங்காகச் செய்துவிட்டால் அது கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நான் ஒழுங்காகச் செய்துவிட்டேன். டீச்சர் ஊரிலேயே இருந்தார், நான் ஆசைப்பட்டபடியே. நாலு தெரு தள்ளி. கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. ஒரு நாளும் வரவில்லை. முன்பெல்லாம் அந்த வண்டி முனை திரும்பும்போதே சைலன்சர் சத்தத்தை வைத்து டீச்சர் போகிறார் என்று சொல்லிவிடுவேன். இப்போது சத்தமும் இல்லை. கடையைத் தாண்டிப் போயிருப்பார், நான் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். போன் பண்ணலாம்தான். பண்ணி என்ன சொல்வது? வண்டி நன்றாக ஓடுகிறதா என்று எத்தனை தடவை கேட்பது? ஏங்கிப்போனேன். இந்த வயதில் அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை தெரியவில்லை.

மாசியில் ஒரு நாள் ஏதோ சுவாமி புறப்பாடு என்று தெருவை அடைத்துவிட்டார்கள். வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. என் கடைக்கு நேர் எதிரே டீச்சரின் கார். கண்ணாடியை இறக்கினார். நான் ஓடினேன், நடந்தேன் என்று சொன்னால் பொய்.

“எப்படி இருக்குது டீச்சர் வண்டி?”

“ஒரு குறையும் இல்ல பாய்.”

“சார்ஜ் நிக்குதா?”

“நிக்குது.”

“பிரேக்?”

“நல்லா இருக்குது. எல்லாமே நல்லா இருக்குது பாய்.” கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். “குறையே இல்லாம பண்ணி வெச்சிட்டீங்க. என்னன்னு சொல்லிக்கினு வர்றது நான்?”

எங்கள் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. உஸ்தாத் எனக்கு முதலில் சொன்னதும் அதுதான், நான் என்னிடம் வேலை கற்றவர்களுக்கு முதலில் சொல்வதும் அதுதான். இல்லாத குறையை வாடிக்கையாளரிடம் சொல்லாதே. ஒரு தடவை சொன்னாலும் உன் கைக்கு இருக்கிற மரியாதை போய்விடும். அன்றைக்கு வரைக்கும் அதை நான் மீறியதில்லை. நீங்களும் மீறாதீர்கள். மீறித்தான் ஆக வேண்டும் என்றால், எதற்காக மீறுகிறோம் என்று தெரிந்துகொண்டு மீறுங்கள். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

“டீச்சர், பின்னாடி டயர்ல காத்து கம்மியா இருக்குது போல.”

அவர் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்து பார்த்தார். டயரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஆமா பாய். கம்மியாத்தான் இருக்குது. நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துக்கினு வரேன்.”

என் கடையில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும்.